ஒரே ரயிலில் வந்தவர்கள்: கோரமண்டல் சொல்லும் கணக்கு

(நம் சங்கத்தின் கிளைக் கூட்டத்தில், கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

"வெள்ளைக்காரன் காலத்தில் ஜாதி அடுக்கும் பிற்பட்டோர் நிலையும்" என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு நம் காரியதரிசி நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார். நான் சரித்திரப் பேராசிரியன் அல்ல. பாங்கில் 36 வருஷம் கணக்குப் பார்த்து ரிடையர் ஆனவன். ஆகவே, நான் பிறந்த ஊரை வைத்துத்தான் எனக்குப் பேசத் தெரியும். அந்த ஊர் கோலார் தங்கவயலைச் சேர்ந்த கோரமண்டல்.

இந்தத் தலைப்பை ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற வருஷம் என் பேரனுக்கு அவன் ஆசைப்பட்ட காலேஜில் இடம் கிடைக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தவன் என்னைக் கேட்டான்: "தாத்தா, நாம என்ன தப்பு பண்ணினோம்?" இந்தக் கேள்வி இங்கே பல அகங்களில் எழுந்திருக்கும். "பகவான் வேற வழி விடுவார், எழுந்து சாப்பிடு" என்றேன். அது சமாதானமே தவிர பதில் அல்ல. அன்று சொல்ல முடியாமல் போன பதிலை இன்று உங்கள் முன்னால் சொல்லிப் பார்க்கிறேன்.

பெயரில் உள்ள மண்டலம்

சோழமண்டலம் என்ற சொல்லை ஐரோப்பியர்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி கோரமண்டல் ஆக்கினார்கள். அது நம் கிழக்குக் கடற்கரைக்கு வைத்த பெயர். கடலே இல்லாத கோலார் ஜில்லாவில் ஒரு சுரங்கத்துக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். ஆனால் பொருத்தம் இல்லாமலும் இல்லை. ஆயிரம் வருஷங்களுக்கு முன் அந்தப் பிரதேசத்துக்கு நிகரிலிச் சோழ மண்டலம் என்றே பெயர். கோலார் கோலாரம்மா கோவிலில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுக்களை இன்றும் பார்க்கலாம்.

1802இல் ஜான் வாரன் என்ற வெள்ளைக்கார அதிகாரி நில அளவைக்கு வந்தபோது, மாரிகுப்பம், ஊரிகம் பக்கம் கிராம ஜனங்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதை நேரில் பார்த்து எழுதிவைத்தார். எழுபது வருஷம் கழித்து அதைப் படித்த லவெல் என்ற ஐரிஷ்காரர் மைசூர் சர்க்காரிடம் அனுமதி வாங்கினார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட், கோரமண்டல் என்று வரிசையாகச் சுரங்கங்கள். 2001 பிப்ரவரி 28இல் மூடப்படும் வரை 120 வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது.

இதில் நாம் பெருமைப்படும் ஒரு பெயர் உண்டு. 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்தவர் பாலக்காட்டுத் தமிழ் பிராமணரான சர் கே. சேஷாத்ரி ஐயர். சிவசமுத்திரத்தில் காவேரியைக் கொண்டு மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொடுக்கும் திட்டம் அவர் காலத்தது. அந்நாளில் உலகத்திலேயே மிக நீண்ட மின்பாதைகளில் அது ஒன்று. 1902 ஜூனில் மின்சாரம் ஓடியது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. பெங்களூர் வீதிக்கு விளக்கு வந்ததே 1905இல்தான். எங்கள் தாத்தா இதைச் சொல்லும்போது ஏதோ தானே கம்பி இழுத்த மாதிரி சொல்லுவார்!

சரி, அந்த மின்சாரம் இறக்கி ஏற்றிய கூண்டில் நின்று பாதாளத்துக்குப் போனவர்கள் யார்? அங்கேதான் நம் தலைப்பு ஆரம்பமாகிறது.

ஒரே ஜில்லா, ஒரே ரயில்

எங்கள் பூர்வீகம் வட ஆற்காடு ஜில்லாவில் ஒரு சின்ன அக்ரஹாரம். சுரங்கத் தொழிலாளிகளில் பெரும்பாலோருடைய பூர்வீகமும் அதே வட ஆற்காடு, அதை அடுத்த சித்தூர், சேலம் ஜில்லாக்கள்தான். அவர்களில் மிகப் பெரும்பான்மையினர், அந்நாளில் பஞ்சமர் என்றும் பறையர் என்றும் ஊர் ஒதுக்கிவைத்த ஆதிதிராவிடர்கள். என் தாத்தாவும் அவர்களும் ஜோலார்பேட்டை வழியாக ஒரே ரயிலில் வந்து, பௌரிங்பேட்டையில் இறங்கி, 1894இல் போட்ட கிளைப் பாதையில் தங்கவயலுக்குப் போனவர்கள். அந்தப் பௌரிங்பேட்டைதான் இன்றைய பங்காருபேட்டை.

ஒரே வறட்சி பூமி, ஒரே ரயில். ஆனால் வந்து இறங்கியதும் என் தாத்தா ஆபீஸில் குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்தார். என் தோழனுடைய தாத்தா பாதாளத்துக்கு இறங்கினார். ஏன்?

"எங்க தாத்தா மெட்ரிக் பாஸ், அவர் கைநாட்டு" என்று சொல்லிவிடலாம். பல காலம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய் இல்லை. ஆனால் கணக்குப் பார்க்கிறவன் கடைசி வரியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. முன் பக்கத்தைப் புரட்ட வேண்டும்.

முன் பக்கத்தில் என்ன இருக்கிறது? கும்பினி சர்க்கார் 1843இல் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவை விலக்கியது. காகிதத்தில் அடிமை போனான். வயலில் பண்ணையாள் அப்படியே இருந்தான். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் ஓர் அறிக்கை எழுதினார். பறையர்கள் குடியிருக்கும் குடிசை மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் கிளப்பிவிடலாம் என்பது அதில் வருகிறது. நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசுதாருக்கே முதல் உரிமை. இதைப் படித்த பிறகுதான் 1892இல் சர்க்கார் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்க உத்தரவு போட்டது. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படுகிறதே, அதன் ஆரம்பம் அது.

மிராசுதார் என்றால் யார்? சில ஊரில் நம்மவர், சில ஊரில் முதலியார், சில ஊரில் ரெட்டியார், வேளாளர். எல்லாப் பழியையும் நம் தலையில் மட்டும் போடுவது சரித்திரமும் ஆகாது, நியாயமும் ஆகாது. ஆனால் இந்த அடுக்குக்குச் சாஸ்திரத்தின் பெயரால் முத்திரை குத்திக் கொடுத்தவர்கள் நாம் என்பதை மறைத்தாலும் அது சரித்திரம் ஆகாது.

தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876 முதல் 1878 வரை, வட ஆற்காட்டை உலுக்கியது. அதில் தப்பியவர்களுக்கு, சில வருஷங்களில் திறந்த சுரங்கம் ஒரு வாசல். பாறை வெடித்து மேலே விழும், கல்தூசியில் நெஞ்சு கெட்டு சிலிகோசிஸ் வரும் என்று தெரிந்தும் ஏன் வந்தார்கள்? கூலி காசாகக் கையில் வந்தது. மனையை விட்டுக் கிளம்பச் சொல்ல மிராசுதார் இல்லை. இருட்டில் பாறையைக் குடைவதைவிட, வெளிச்சத்தில் ஊர்த் தெருவில் நடப்பது அவர்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது. இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சுரங்கத்தின் ஏணி

கம்பெனி ஜாதியைக் கொண்டுவரவில்லை. தயாராக இருந்த ஏணியை எடுத்துச் சாத்திக்கொண்டது. மேல்படியில் ஆங்கிலேய மானேஜர்கள். அடுத்து கார்ன்வாலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த சுரங்கக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள். அதற்குக் கீழே பேனா பிடிக்கும் நாம், முதலியார், பிள்ளைமார். பிறகு ஆள் பிடிக்கும் மேஸ்திரி. கடைசிப் படியில், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் 25,000 பேருக்கு மேல் இருந்த தொழிலாளிகள். லைன் வீடுகள் என்ற தட்டிக் குடிசை வரிசைகளில் அவர்கள் வாசம்.

ஏணியில் நமக்கு மேலே நின்ற வெள்ளைக்காரன் நம்மை உள்ளே விடாத கிளப்பைப் பற்றித் தாத்தா ஆயுசு பூராவும் பொருமினார். அவன் கிளப் வாசலில் நாய்க்கு இருந்த உரிமை நமக்கு இல்லையாம். அந்தப் பொருமல் நியாயமானது. ஆனால் நம் கீழே நின்றவன் நம் கிணற்றடி வாசலைப் பார்த்து அதே மாதிரி பொருமியிருப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. படித்தவர், நித்ய கர்மானுஷ்டானம் விடாதவர், ஒரு எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். அவருக்கே தோன்றவில்லை என்பதுதான் அந்த ஏணியின் சாமர்த்தியம்.

மாகாணம் பூராவும் கணக்கு இப்படித்தான். 1912இல் சென்னை ராஜதானியில் ஜனத்தொகையில் ஏறக்குறைய 3 சதவீதமாக இருந்த பிராமணர்கள், டெபுடி கலெக்டர்களில் 55 சதவீதம். ஜில்லா முன்சீப்களில் 72.6 சதவீதம். நாம் திருடி வாங்கிய உத்யோகங்கள் அல்ல அவை. பரீட்சை எழுதி வாங்கியவை. ஆனால் பரீட்சை ஹாலுக்குள் வர எத்தனை பேரை அனுமதித்திருந்தோம்?

மைசூர் சமஸ்தானத்தில் இதே கேள்வி எழுந்து, 1918இல் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார், மில்லர் என்ற பிரதம நீதிபதி தலைமையில் ஒரு கமிட்டி போட்டார். ஏழு வருஷத்துக்குள் மேல் உத்யோகங்களில் பாதியும் கீழ் உத்யோகங்களில் மூன்றில் இரண்டும் பிராமணர் அல்லாதாருக்குப் போக வேண்டும் என்றது கமிட்டி. தகுதி கெட்டுவிடும் என்று கருதிய திவான் விசுவேசுவரய்யா பதவி விலகினார். அவர் மகா மேதை, நேர்மையாளர். தகுதி என்ற சொல்லை அவர் சுயநலத்துக்காகச் சொல்லவில்லை. ஆனால் தகுதி வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும், அதற்குப் போக ஒரு தெரு வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிராமணர் அல்லாதார் என்று எல்லோரையும் ஒரே கட்டாகக் கட்டியதில், கடைசிப் படியில் நின்றவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். சென்னையில் ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா இதே மனக்குறையோடு 1923இல் நீதிக்கட்சியை விட்டு வெளியே வந்தார். ஆக, கடைசிப் படிக்காரனை மறந்தவர்கள் நாம் மட்டும் அல்ல. இது நமக்கு ஆறுதல் ஆகாது, ஆனால் உண்மை.

அவர்கள் தாங்களே ஏறியது

தங்கவயல் ஜனங்கள் யாராவது வந்து கைதூக்கி விடுவார்கள் என்று காத்திருக்கவில்லை. அயோத்திதாச பண்டிதர் என்ற சித்த வைத்தியர் 1898இல் சிலோனுக்குப் போய் பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் வைத்தார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகை தொடங்கினார். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் அந்தச் சங்கத்துக்குக் கிளைகள் இருந்தன. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் மண்டபத்தில் கூடிப் பத்திரிகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். 1914இல் பண்டிதர் காலமானார். அந்தப் பத்திரிகையை 1926இல் மறுபடி உயிர்ப்பித்து நடத்தியவர் தங்கவயலைச் சேர்ந்த ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டதும் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலைதான். 1930இல் எல்லோரிடமும் கைரேகை எடுக்கக் கம்பெனி திட்டம் போட்டபோது, "நாங்கள் குற்றவாளிகளா?" என்று வேலைநிறுத்தம் செய்தவர்களும் இவர்களே.

பண்டிதரின் எழுத்தை நான் ரிடையர் ஆன பிறகுதான் படித்தேன். நம்மைப் பற்றி மிகவும் கடுமையாக எழுதியிருக்கிறார். அவர் சரித்திரத்தில் எல்லாவற்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் ஓர் இடத்தில் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், எங்களுக்கு ஏன் சிவன் கோவிலும் விஷ்ணு கோவிலும் கூடாது என்று அவர் கேட்கிறார். உங்களுக்கு மதுரை வீரன், காட்டேரி எல்லாம் இருக்கின்றனவே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்ல என்ற தோரணையில் சபையில் பதில் வந்ததாக அவரே எழுதுகிறார். எல்லா ஜீவனிலும் ஈஸ்வரன் என்று தினமும் சொல்லும் நாம், அந்தச் சபையில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

நம்மிலும் சிலர்

நம்மவர்கள் எல்லோரும் வாய் மூடி இருந்ததாகவும் சொல்ல மாட்டேன். புதுச்சேரியில் பாரதியார் கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டுவைத்தார். மதுரையில் வைத்தியநாத ஐயர் 1939 ஜூலை 8இல் ஹரிஜன சகோதரர்களை மீனாட்சி அம்மன் சந்நிதிக்கு அழைத்துப் போனார். பெங்களூரில் கோபாலஸ்வாமி ஐயர் ஹரிஜனக் குழந்தைகளின் படிப்புக்காகவே தம் வாழ்நாளைக் கொடுத்தார். அவர் பெயரில் அங்கே மாணவர் விடுதி உண்டு.

இவர்கள் படங்களை நாம் விழாவில் மாட்டுகிறோம். மாட்ட வேண்டியதுதான். ஆனால் அந்நாளில் இவர்களை முதலில் தள்ளிவைத்தது யார்? பந்தியில் உட்காரவிடாதது யார்? சொந்த பந்துக்களே. நாம் இன்று மாலை போடுவது நாம் அன்று மூடிய கதவுக்குப் பிராயச்சித்தமாக இருந்தால் சரி; நற்சாட்சிப் பத்திரமாக ஆகிவிடக் கூடாது.

"நாங்களும் ஏழைகள்தானே ஸார்" என்று சிலர் கேட்பீர்கள். வாஸ்தவம். சமையல் வேலைக்குப் போனவர்கள், புரோகிதத்தில் அரை வயிறு உண்டவர்கள் நம்மில் ஆயிரம் பேர். அந்தக் கஷ்டத்தைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. பொதுப் பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 சதவீதம் என்று 2019இல் அரசியல் சட்டத்திலேயே திருத்தம் வந்தது. ஆனால் ஒரு பேதம் உண்டு. ஏழை பிராமணன் பசியோடு கிணற்றடிக்குப் போனால் தண்ணீராவது குடிக்கலாம்.

நனைந்த சட்டை

தண்ணீர் என்றதும் கடைசியாக என் சொந்தக் கதை. எங்கள் அகம் கோரமண்டலில் ஒரு சின்ன ஓட்டு வீடு. 1950களில் என்னோடு படித்தவன் ஒருவன். அப்பா சுரங்கத்தில் டிரில் அடிப்பவர். கணக்கில் அவன் புலி. எனக்குப் பின்னம் புரியவைத்தது வாத்தியார் அல்ல, அவன்தான். சாயங்காலம் நோட்டுப் புஸ்தகம் வாங்க எங்கள் அகத்துக்கு வருவான். வாசல்படிக்குக் கீழேயே நிற்பான். யாரும் நிற்கச் சொன்னதில்லை, அவனுக்கே தெரிந்திருந்தது. தண்ணீர் கேட்டால் பாட்டி செம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள், அவன் இரண்டு கையையும் குவித்துக் குடிப்பான். அவன் போனதும் படியில் ஒரு குடம் ஜலம் கொட்டுவாள். பாட்டி கொடுமைக்காரி அல்ல. அவனுக்கு ஜுரம் என்றால் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தவள். அதையும் உயரத்திலிருந்தே ஊற்றினாள்.

நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் படித்து, ரிசர்வேஷனில் சர்க்கார் உத்யோகத்துக்குப் போய், நல்ல பெயரோடு ரிடையர் ஆனான். அவன் வேலைக்குச் சேர்ந்தபோது, "கோட்டாவில் கிடைத்தது" என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தவனைப் பற்றி!

சில வருஷங்களுக்கு முன் பழைய மாணவர்கள் கூடினோம். சுரங்கம் மூடி, சயனைடு மேடுகள் மட்டும் வெளுத்து நின்றன. எங்கள் வயசுக்காரர்களின் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிறார்கள். அவன் என் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தபடியே சொன்னான்: "டேய், உங்க வீட்டுத் தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்கும்டா. என்ன, பாட்டி மேலேர்ந்து ஊத்தறதுல சட்டை நனைஞ்சிடும். வீட்டுக்குப் போனா, எங்கடா நனைச்சேன்னு எங்கம்மா கேப்பாங்க. மழைன்னு சொல்லிடுவேன்."

கோலார் ஜில்லாவில் எத்தனை நாள் மழை பெய்யும் என்று உங்களுக்குத் தெரியும். அவன் அம்மாவுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுடா, அதெல்லாம் பழைய கதை" என்றான். பழைய கதை என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. எனக்கு இல்லை.

இப்போது பேரனுக்குப் பதில். "கண்ணா, நீ ஒரு தப்பும் பண்ணவில்லை. உனக்கு இடம் கிடைக்காததில் எனக்கும் வருத்தம்தான். நியாயம் என்று படுவதைக் கேள், நன்றாகப் படி, முன்னுக்கு வா. ஆனால் உனக்கு முன்னால் இடம் வாங்கியவனைப் பார்த்து, தகுதி இல்லாதவன் என்று மட்டும் நினைக்காதே. அவன் எள்ளுத் தாத்தாவும் உன் எள்ளுத் தாத்தாவும் ஒரே ரயிலில் வந்தவர்கள். நமக்கு முன்பே ஒரு பெட்டி ரிசர்வ் ஆகியிருந்தது. அதற்கு நாம் டிக்கெட் வாங்கவில்லை."

நம் சங்கத்தில் வித்யா தான நிதி இருக்கிறது. நம் ஏழைக் குழந்தைகளுக்கு அது தொடரட்டும். அதோடு, வருஷத்துக்கு இரண்டு குழந்தைகளுக்காவது ஜாதி பார்க்காமல் தங்கவயல் பள்ளிகளிலிருந்து தேர்ந்தெடுத்து உதவலாமா என்று செயற்குழு யோசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். முதல் தவணைக்கு என் பென்ஷனிலிருந்து ஒரு செக் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். இது தர்மம் அல்ல, ஸார். பழைய பாக்கி.

 லோகா: ஸமஸ்தா: ஸுகினோ பவந்து என்று கூட்டத்தை முடிக்கிறோம். ஸமஸ்தா: என்ற சொல்லை இன்று ஒரு தடவை நிறுத்திச் சொல்லுவோம். நமஸ்காரம்.